ஒன்பதாம் பக்கத்து எண்ணெய்

ஜூன் 3

பெறுநர்:
இயக்குநர், சமூகக் கூட்டுறவுத் துறை,
பல்கலைக்கழகம்.

அம்மையீர்,

பொருள்: கடந்த சனிக்கிழமை எங்கள் தெருவில் நடத்தப்பட்ட கருத்துக்கணிப்பு.

1. இக்கடிதம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் எழுதப்படுகிறது. பெறுநர் எனக்கு இருபத்தெட்டு ஆண்டுகளாக மனைவி என்பதும், அவற்றில் கடைசி இரண்டரை ஆண்டுகளாக மதிலுக்கு அந்தப் பக்கம் பல்கலைக்கழகக் குடியிருப்பில் தனியே வசிக்கிறார் என்பதும் இக்கடிதத்தின் பொருளுக்குத் தொடர்பற்றவை. எனவே அவற்றை நான் குறிப்பிடவில்லை.

2. சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு உங்கள் துறை மாணவ மாணவியர் பதினான்கு பேர் ஒரே நிறச் சட்டையில் எங்கள் தெருவுக்கு வந்தனர். சட்டை முதுகில் ‘உங்களோடு நாங்கள்’ என்று அச்சிட்டிருந்தது. வந்தவுடன் அவர்கள் கேட்டது குடிக்கத் தண்ணீர். மதிலைச் சுற்றி மூன்றேகால் கிலோமீட்டர் வெயிலில் நடந்து வந்திருக்கிறார்கள்.

3. வினாத்தாளில் அறுபத்து நான்கு கேள்விகள். பதினேழாவது இது: ‘பல்கலைக்கழகம் உங்களுக்கு எவ்வளவு அருகில் இருப்பதாக உணர்கிறீர்கள்? ஒன்று முதல் பத்து வரை மதிப்பிடுக.’ எதிர்வீட்டுத் தையற்காரம்மா அளித்த பதிலை அப்படியே தருகிறேன்: “கைய நீட்டுனா மதிலு, கால நீட்டுனா ரெண்டு பஸ்சு. இதுக்கு எத்தனை மார்க்குன்னு நீயே போட்டுக்க கண்ணு.” அந்த மாணவி நெடுநேரம் யோசித்து ஐந்து என்று எழுதிக்கொண்டார்.

4. தெருக்கோடியில் உங்கள் மதிலில் ஓர் இரும்புக் கதவு உண்டு. நினைவிருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அது பூட்டப்பட்டது. அக்கதவிலிருந்து பொதுமக்களுக்கும் சிகிச்சை அளிக்கும் உங்கள் மருத்துவமனை நூற்றறுபது தப்படி. தையற்காரம்மாவுக்கு வாரம் இருமுறை அங்கே முழங்கால் சிகிச்சை. முழங்காலைக் குணப்படுத்த முழங்காலைத் தேய்த்துக்கொண்டு மூன்றேகால் கிலோமீட்டர் போகிறார். திரும்பி வரும்போது, போனபோது இருந்ததைவிட மோசமாக இருக்கிறது.

5. பூட்டிய கதவின் உட்புறம் ஒரு காவலாளி நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறார். சாவி அவர் சட்டைப்பையிலேயே உள்ளது. திறந்தால் என்ன என்று கேட்டேன். “தொறக்க ஆர்டர் இல்ல சார். சாவிய வெச்சிருக்கத்தான் ஆர்டர்” என்றார்.

6. அறுபத்து நான்கு கேள்விகளில் ஒன்றுகூட இக்கதவைப் பற்றியது அல்ல. ‘உங்கள் தெருவில் கவிதை வாசிப்பு நிகழ்ந்தால் பங்கேற்பீர்களா’ என்று ஒரு கேள்வி இருக்கிறது.

7 முதல் 21 வரையிலான பத்திகள் இணைப்பில், நான்கு பக்கங்களில் உள்ளன.

22. ஆகவே, கதவைத் திறக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்.

பி.கு.: உங்கள் மூக்குக்கண்ணாடிக் கூடு சோபாவின் அடியில் கிடைத்தது. சங்கத்துக்கு இதில் சம்பந்தம் இல்லை. காவலாளியிடம் கம்பி வழியே கொடுத்தனுப்புகிறேன்.


ஜூன் 9

அன்புடையீர்,

தங்கள் மேலான கருத்து நன்றியுடன் பெறப்பட்டு 212 என்ற எண்ணில் பதிவு செய்யப்பட்டது. சமூகத்தின் குரலே எங்கள் வழிகாட்டி. இம்மாதம் இருபதாம் தேதி நடைபெறும் ‘செவிமடுப்போம்’ கூட்டத்துக்குத் தங்களை அன்புடன் அழைக்கிறோம்.

இயக்குநர்,
சமூகக் கூட்டுறவுத் துறை.

அன்புள்ள உங்களுக்கு,

மேலே இருப்பது அலுவலகத்தின் அச்சுக் கடிதம். அதில் என்னுடையது கையெழுத்து மட்டும்தான். இது என் கையால் எழுதுவது.

‘அம்மையீர்’ என்று என்னைக் கூப்பிட இருபத்தெட்டு வருஷம் காத்திருந்தீர்களா? போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் உங்களுக்குள் சண்டை வருகிறது, கடிதமாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று நம் மகள் சொன்னது இந்த மாதிரிக் கடிதத்துக்கு இல்லை. உங்கள் கடிதம் தபால் பிரிவில் முத்திரை வாங்கி, பதினோரு மேசை ஏறி இறங்கி, பிறகு என்னிடம் வந்தது. ஐந்து பக்கத்தையும் யாரும் படிக்கவில்லை. பின்குறிப்பை மட்டும் பதினோரு பேரும் படித்திருக்கிறார்கள். தட்டச்சர் காலையில் என்னைப் பார்த்ததும், “மேடம், கூடு கெடைச்சிருச்சா?” என்று கேட்டார்.

வினாத்தாளைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அதைத் தயாரித்த குழுவில் ஒன்பது பேராசிரியர்கள். அதில் ஒருவர்கூட உங்கள் தெருவைப் பார்த்ததில்லை. கவிதைக் கேள்வி துணைவேந்தர் சேர்த்தது. அவர் கவிதை எழுதுகிறார்.

கதவுக்காக நானும் சும்மா இல்லை. போன வருஷம் மட்டும் மூன்று குறிப்பு அனுப்பினேன். ‘பொதுமக்கள் ஆட்சேபணையின் பேரில் மூடப்பட்டது, பொதுமக்களைக் கலந்தாலோசிக்காமல் திறக்க இயலாது’ என்று மூன்று முறையும் ஒரே பதில். யார் அந்தப் பொதுமக்கள் என்று பதிவேட்டில் இல்லை. மூலக் கோப்பைத் தேடித் தரச் சொல்லியிருக்கிறேன். கோப்பு அறையில் ஒரு பகுதி ஒழுகுகிறது, நனையாத பக்கத்திலிருந்து தேடிக்கொண்டு வருகிறார்கள்.

கூட்டத்துக்கு வாருங்கள். ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

நான்.


ஜூன் 22

இயக்குநர் அவர்களுக்கு,

பொருள்: ‘செவிமடுப்போம்’ கூட்டமும் அதன் பின் நிகழ்ந்தவையும்.

1. மூன்றேகால் கிலோமீட்டர் சுற்றி முதன்மை வாயிலுக்கு வந்தேன். அங்கே வருகைப் பதிவேட்டில் ‘யாரைப் பார்க்க’ என்றொரு கட்டம், ‘உறவு’ என்றொரு கட்டம். முதலாவதில் இயக்குநர் என்று எழுதினேன். இரண்டாவதில் உண்மையை எழுதினேன். வாயிற்காவலர் அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மேடத்துக்கு வீட்டுக்காரர் இருக்காரா? சரி சார், கோவிச்சுக்காதீங்க, அடையாள அட்டை இருந்தா காட்டுங்க” என்றார். நாற்பது நிமிடம் பலகையில் அமர்ந்திருந்தேன்.

2. செவிமடுத்தலின் அவசியம் குறித்துத் துணைவேந்தர் ஐம்பத்தைந்து நிமிடம் பேசினார். எஞ்சிய ஐந்து நிமிடம் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது.

3. ‘சமூகம்’ என்று அட்டை வைத்திருந்த முதல் இரண்டு வரிசைகளிலும் வேறு யாரோ அமர்ந்திருந்தார்கள். என் பக்கத்திலிருந்தவரை எந்தத் தெரு என்று விசாரித்தேன். “நான் இங்க தோட்ட வேலைங்க. படம் புடிக்க ஆள் பத்தலைன்னு கூட்டியாந்து உக்கார வெச்சாங்க. அந்தக் கோடியில இருக்கிறவரு டிரைவரு. கைதட்டச் சொன்னா தட்டணும், அவ்வளவுதான்” என்றார்.

4. என் முறை வந்தபோது எழுந்து, கதவு தோன்றிய வரலாற்றிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் பத்தியில் மணி அடித்துவிட்டார்கள். நீங்கள் மேடையில் இருந்தீர்கள். தலையைக் குனிந்து கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். அது இருமலா சிரிப்பா என்பதை நான் விசாரிக்கவில்லை.

5. நேற்று நுண்கலை மாணவர்கள் வந்து எங்கள் பக்கத்து மதிலில் ஓவியம் தீட்டினர். பூட்டிய கதவுக்கு மிக அருகில், அதே அளவில், அகலத் திறந்த ஒரு கதவு. உள்ளே பசும்புல், கைகோத்த மனிதர்கள், ஒரு பறவை. மேலே ‘எப்போதும் திறந்தே’ என்ற வாசகம். இன்று காலை தெருவுக்குப் புதிதாக வந்த கூரியர்காரர் இருசக்கர வண்டியில் உள்ளே போகப் பக்க விளக்கைப் போட்டுத் திரும்பி, ஓவியத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தினார். காவலாளி கம்பி வழியே என்னிடம் கேட்டார்: “நம்ம கதவு பூட்டிக் கெடக்கு, பக்கத்துல ஒண்ணு தொறந்து கெடக்கு. நான் எதை சார் காவல் காக்கிறது?” நியாயமான கேள்வி. இதற்குத் தங்கள் துறையின் எழுத்துபூர்வமான விடை தேவை.

6. இறுதியாக, ‘பொதுமக்கள் ஆட்சேபணை’ குறித்து. நாற்பத்தொரு வீடுகளிலும் நேரில் விசாரித்துவிட்டேன். ஒருவரும் ஆட்சேபித்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஆட்சேபணையாளர் யாராயினும், ஒரு தெருவையே மதிலுக்கு வெளியே தள்ளிய தன்னலக்காரர் அவர். அவர் பெயரைக் கோருகிறேன். பெயர் கிடைத்ததும் அது தெரு அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதப்படும் எனச் சங்கம் நேற்று ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான்.

செயலாளர்.

பி.கு.: மாத்திரை போட்டுக்கொண்டேன்.


ஜூலை 1

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்துக்கு அச்சுத் தாள் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

கோப்பு கிடைத்துவிட்டது. நனைந்த பக்கத்தில்தான் இருந்தது. உள்ளே ஆட்சேபணைக் கடிதம் ஒன்றே ஒன்று. நகல் இணைத்திருக்கிறேன். கையெழுத்து உங்களுக்குப் பரிச்சயமானதுதான்.

நீங்கள் எழுதியது. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒன்பது பக்கம்.

முதல் பக்கத்தில் கதவு எப்போது வைக்கப்பட்டது என்ற வரலாறு. இரண்டாம் பக்கத்தில் ‘இக்கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் எங்கள் தெருவின் அமைதி குலைகிறது’ என்ற வாக்கியம். மூன்று, நான்கில் எந்தெந்த நேரத்தில் எத்தனை முறை குலைகிறது என்ற அட்டவணை. ஐந்திலிருந்து எட்டு வரை உலோகம் உரசும் ஓசை மனிதக் காதை என்ன செய்யும் என்று. ஒன்பதாம் பக்கத்தின் கடைசி வரி: ‘ஆகவே, கீல்களுக்குச் சிறிது எண்ணெய் இடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

ஓரத்தில் பச்சை மையில் அப்போதைய பதிவாளர் குறிப்பு எழுதியிருக்கிறார்: ‘பக். 2 வரை பார்த்தேன். கதவு குறித்துப் பொதுமக்களிடம் கடும் ஆட்சேபம். மூடிவிடலாம்.’

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நானே நான்காம் பக்கத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

முதலில் சிரித்தேன். தட்டச்சர் ஓடிவந்து முதுகில் தட்டும் அளவுக்குச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

கதவு இருந்தவரை எனக்கு வேலையிலிருந்து வீட்டுக்கு நான்கு நிமிஷம். பூட்டியபின் ஐம்பது நிமிஷம். ஆறு மாசம் நடந்து பார்த்தேன், பஸ்ஸில் தொங்கிப் பார்த்தேன். அப்போதுதான் இந்தப் பதவியும் கூடவே குடியிருப்பும் தருகிறோம் என்றார்கள். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, “போகட்டுமாங்க?” என்று கேட்டேன். ஒரு வார்த்தை போதும் எனக்கு. “யோசிச்சு எழுதித் தரேன்” என்றீர்கள். மறுநாள் காலையில் காபிக் கோப்பைக்கு அடியில் ஏழு பக்கம். முதல் மூன்று பக்கமும் குடியிருப்பின் நன்மைகள். பயண நேரம் மிச்சம், உடம்புக்கு ஓய்வு, நூலகம் பக்கம், காற்றோட்டம்! காற்றோட்டத்துக்குத் தனிப் பத்தி! என்னை அனுப்பிவைக்க இந்த மனுஷனுக்கு இவ்வளவு ஆசையா என்று நினைத்துப் பெட்டியைக் கட்டினேன்.

ஆக, கதவைப் பூட்டியதும் நீங்கள்தான். என்னைக் கதவுக்கு அந்தப் பக்கம் அனுப்பியதும் நீங்கள்தான். இரண்டும் உங்கள் பேனாவில்.

பலகையில் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுவீர்களா? முன்மொழிந்தவர் ஆயிற்றே.

நான்.


ஜூலை 9

உனக்கு,

1. உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் கூற விரும்பவில்லை.

2. சங்கத் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. பலகையில் சுண்ணக்கட்டியால் நானே எழுதினேன். பெரிய எழுத்து. முதலில் பார்த்தவர் தையற்காரம்மா. “என்ன சார், பேரு போட்டிருக்கு? பொறந்தநாளா?” என்று கேட்டார். விளக்கினேன். முதலில் இருந்து சொல்லத் தொடங்கியதால் அவருக்கு இடையில் உட்கார வேண்டியதாயிற்று. எல்லாம் கேட்டு முடித்து, “எண்ணெய்க்கா சார் இத்தனையும்? என்கிட்ட மிஷின் எண்ணெய் டப்பா இருக்கே. ஒரு குரல் குடுத்திருந்தா ரெண்டு சொட்டு விட்டிருப்பேனே” என்றார். முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

3. கோபத்தை இத்தனை நாளும் மதிலைப் பார்த்தே வைத்திருந்தேன். இப்போது அதைத் திருப்பி வைக்க ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. சவரம் செய்யும்போது தினமும் சந்திக்கிறேன்.

4. என் தொழிலை நீ அறிவாய். காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளாக இழப்பீட்டு விண்ணப்பங்களை மறுத்துக் கடிதம் எழுதுகிறேன். மறுப்புக் கடிதத்துக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை உண்டு. எதிர்த்தரப்பின் நியாயங்கள் அனைத்தையும், அவர்களே சொல்ல மறந்தவை உட்பட, முதலில் முழுமையாக எடுத்துரைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக மறுக்க வேண்டும். முடிவு கடைசிப் பத்தியில்தான் வர வேண்டும். முதல் வரியிலேயே ‘இல்லை’ என்று எழுதினால் படிப்பவர் மனம் உடைந்து காரணங்களைப் படிக்க மாட்டார் என்று எனக்குக் கற்பித்தார்கள். முடிவு வரும்வரை படிக்காமல் எழுந்து போகிறவர்களைப் பற்றி யாரும் கற்பிக்கவில்லை.

5. உனக்கு எழுதிய ஏழு பக்கங்களும் அந்த முறையில் அமைந்தவை. முதல் மூன்று பக்கங்கள் எதிர்த்தரப்பு.

6. ஒரே ஒரு கேள்வி. ஏழாம் பக்கத்தைப் படித்தாயா?

செயலாளர் என்று கையெழுத்திடக் கை வரவில்லை. எனவே,

நான்.


ஜூலை 14

அன்புள்ள உங்களுக்கு,

படிக்கவில்லை.

மூன்றாம் பக்கத்தின் காற்றோட்டத்தோடு நிறுத்திவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்றே வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். குடியேறிய முதல் நாள் சமையலறை அலமாரித் தட்டில் விரிக்கத் தாள் இல்லை, கைக்குக் கிடைத்ததை எடுத்து விரித்தேன். நல்ல கனமான தாளில் எழுதுகிறீர்கள், அதற்கு வசதியாகப் போயிற்று. முதல் மூன்றும் மேல் தட்டில். நான்கும் ஐந்தும் பருப்பு டப்பாவுக்கு அடியில். ஆறாம் பக்கத்தை எறும்பு தின்றுவிட்டது. ஏழாம் பக்கம் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இரண்டரை வருஷமாக இருந்திருக்கிறது. தினம் மூன்று வேளை அந்த டப்பாவை எடுத்து வைத்திருக்கிறேன்.

வட்டமாகக் கறை படிந்திருக்கிறது, ஆனால் எழுத்து தெரிகிறது. ‘மேற்கண்ட பதினான்கு காரணங்களையும் சீர்தூக்கிப் பார்த்ததில், நீ போவதில் எனக்குச் சம்மதம் இல்லை. வீடு பெரியது. எனக்கு ஒருவனுக்கு இது தேவைப்படாது.’

அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

என்மேலும் தப்பு இருக்கிறது. ஊரெல்லாம் போய்ச் செவிமடுக்கச் சொல்லிப் பயிற்சி கொடுக்கும் துறைக்கு நான் தலைவி. சொந்த வீட்டுக்காரர் எழுதியதை மூன்று பக்கத்துக்கு மேல் படிக்கப் பொறுமை இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல? உங்களிடம் சொல்கிறேன்.

இனி அலுவலக விஷயம். நேற்று ஆட்சிக் குழுவில் கோப்பை அப்படியே வைத்தேன். பச்சை மைக் குறிப்பையும் படித்துக் காட்டினேன். ஆளாளுக்குக் கோப்பை வாங்கிப் புரட்டினார்கள். கடைசியில் துணைவேந்தர், ஆட்சேபணையாளர் தம் ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றால் கதவைத் திறக்கலாம் என்றார். கூடவே ஒரு புதிய விதியும் போடவைத்தேன். சமூகத்திடமிருந்து வரும் கடிதங்கள் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும், விஷயம் முதல் வரியில் இருக்க வேண்டும், வந்த கடிதத்தை இங்கே ஒருவராவது கடைசி வரை படித்துக் கையெழுத்திட வேண்டும். விதி பொதுவானதுதான். ஆனால் யாரை மனத்தில் வைத்துப் போட்டது என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

எழுதுங்கள். ஒரு பக்கம். முதல் வரி.

நான்.


ஜூலை 18

இயக்குநர் அவர்களுக்கு,

கதவைத் திறந்துவிடுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். கதவின்மேல் எனக்கு எந்த ஆட்சேபணையும் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

இந்த மூன்று வரிகளை எழுத நான்கு நாள் பிடித்தது. பதினேழு வரைவுகள். முதல் வரைவு ஆறு பக்கம். முதல் வரியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டபின் மிச்சத் தாளை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் விதியில் இல்லை.

செயலாளர்.


ஜூலை 27

அன்புள்ள உங்களுக்கு,

உத்தரவு வந்துவிட்டது. ஆகஸ்ட் இரண்டாம் தேதி காலை பத்து மணிக்குத் திறப்பு. காலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை கதவு பூட்டாமல் இருக்கும், தள்ளிக்கொண்டு போய்வரலாம். கதவைப் பராமரிப்பது பல்கலைக்கழகமும் தெருவும் சேர்ந்து என்று ஒப்பந்தம். தெருவின் சார்பில் கீலுக்கு எண்ணெய் போடும் பொறுப்பு செயலாளருக்கு. அந்த வரியை நான்தான் எழுதினேன்.

துணைவேந்தர் ரிப்பன் வெட்டி, கதவைப் பற்றிக் கவிதை படிக்கிறார். பதினெட்டு வரி என்று சத்தியம் செய்திருக்கிறார். எதுவும் பேசாமல் நில்லுங்கள். தையற்காரம்மாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள். இந்த முறை தோட்டக்காரரைக் கூப்பிடவில்லை. அவருக்கு வருத்தம், கைதட்டிப் பழகிவிட்டதாம்.

கடிதத்தைக் கடைசி வரை படித்துக் கையெழுத்திட்டது நான். செயலாளரின் கடிதம் ஒன்றை நான் இடையில் எழுந்து போகாமல் முழுசாகப் படித்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. சின்னதாக இருந்ததும் ஒரு காரணம்.

நான்.


ஆகஸ்ட் 2, மாலை

உனக்கு,

வீட்டுக்கு வந்துவிடு.

பிற விவரங்கள்:

1. விழா குறித்து. நீ உள்ளேயும் நான் வெளியேயும் நின்றதால் இரு பக்கத்துப் பதிவும் தேவை என்று கருதி இதை எழுதுகிறேன். கவிதை முப்பத்தாறு வரி. எண்ணினேன். ஒன்றும் பேசவில்லை.

2. காவலாளி மூன்று ஆண்டுகளாகச் சட்டைப்பையில் காத்த சாவியை எடுத்துப் பூட்டில் நுழைத்தார். திரும்பவில்லை. துருப்பிடித்திருந்தது. துணைவேந்தர் முயன்றார். பதிவாளர் முயன்றார். பொறியியல் துறைத் தலைவர் பூட்டைத் தட்டிப் பார்த்து, குழு அமைக்க வேண்டும் என்றார். எங்கள் பக்கத்தில் நாற்பத்தொரு வீட்டாரும், உங்கள் பக்கத்தில் இருநூறு மாணவர்களும், நடுவே ஒரு பூட்டும். அப்போது தையற்காரம்மா முன்வரிசையிலிருந்து எழுந்து, இடுப்பிலிருந்து மிஷின் எண்ணெய் டப்பாவை எடுத்தார். “தள்ளிக்கங்க எல்லாரும். படிச்சவங்க கொஞ்சம் தள்ளிக்கங்க” என்று கம்பி வழியே கையை விட்டு இரண்டு சொட்டு விட்டார். சாவி திரும்பியது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கீலைப் பார்த்தேன். நூற்றறுபது தப்படியை அவர் எண்ணிக்கொண்டே நடந்து போனதாகக் காவலாளி சொன்னார். நூற்று எழுபத்திரண்டு வந்ததாம். அவர் தப்படி சின்னது.

3. கதவு திறந்ததும் நீ இரண்டடி எடுத்து வைத்தாய். அதற்குள் புகைப்படக்காரர் உன்னைத் துணைவேந்தர் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த இரண்டடியை நான் பார்த்தேன்.

4. மாலை தையற்காரம்மா கீலுக்கும் எண்ணெய் விட வந்தார். “இதுக்குத்தானே சார் ஒம்போது பக்கம் எழுதுனீங்க?” என்றார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். கதவு இன்னும் கிறீச்சிடுகிறது. ஐந்து நாற்பதுக்கு உன் வேலை முடிகிறது. ஐந்து நாற்பத்துநான்குக்கு அந்த ஓசை என் அறைக்குக் கேட்க வேண்டும். பழைய அட்டவணையில் அந்த நேரத்துக்கு எதிரே ‘மிகுந்த இடைஞ்சல்’ என்று எழுதியிருந்தேன். அந்தக் குறிப்பையும் திரும்பப் பெறுகிறேன்.

5. ஓவியக் கதவை அழிக்க வேண்டாம் என்று தெரு தீர்மானித்திருக்கிறது. கூரியர்காரர் மட்டும் அதன்மேல் ஓர் அம்புக்குறி கேட்கிறார்: ‘நிஜக் கதவு இந்தப் பக்கம்.’

6. உன் அலமாரியை நான் தொடவில்லை. தூசு தட்டினேன். அவ்வளவே.

7. சர்க்கரை டப்பாவை எடுத்து வரும்போது அடியிலிருக்கும் தாளையும் எடுத்து வா. எங்கள் அலுவலகத்தில் புதிதாக வந்திருப்பவர்களுக்குக் கடிதம் எழுதும் முறையைக் கற்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எப்படி எழுதக் கூடாது என்பதற்கு

பக்கம் முடிந்துவிட்டது.

நான்.


ஆகஸ்ட் 2

அன்புள்ள உங்களுக்கு,

காவலாளியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு இப்போது காக்க வேலை இல்லை, தபால்காரர் ஆகிவிட்டார். பதிலை வாங்கிக்கொண்டுதான் போவேன் என்று அடம்பிடித்து வாசலில் நிற்கிறார். “சாரு மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கு மேடம், சீக்கிரம் எழுதுங்க” என்கிறார்.

முதல் வரியைப் படித்தேன். மீதியை வந்து படித்துக்கொள்கிறேன். பெட்டியைக் கட்ட வேண்டும்.

நான்.